வட்டத்தில் முளைத்த புள்ளி

மனைவியைப் பார்த்துப் புருஷனுக்குப் பொறாமை வருமா? போன வாரம் படித்துவிட்டு இப்படிக் கேட்டவர்கள் உண்டு. வரும். வந்தால் அது நெஞ்செரிச்சல் மாதிரி வேளாவேளைக்கு வரும். நம் லிஃப்ட்காரருக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தது.

கதைக்குப் புதியவர்களுக்கு நாலு வார்த்தை. தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ஓட்டுகிறவர் இல்லை, ரிப்பேர் செய்கிறவர். அவர் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்பில்தான். மொட்டை மாடியில் லிஃப்ட் மெஷின் அறை. அதன் சாவி அவரிடம் என்பதால் மொட்டை மாடியே அவருடையது மாதிரி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு சூரியத் தொலைநோக்கியைக் கொண்டுவந்து நட்டார். அதன் வாயில் பளபளவென்று ஒரு வடிகட்டி மாட்டியிருக்கும். அது இல்லாமல் பார்த்தால் கண் போய்விடும். அது இருந்தால், கண்ணைக் கூசவைக்கிற சூரியன் சாதுவாக ஒரு வெள்ளைத் தட்டாக வந்து உட்காரும். தட்டில் அங்கங்கே கரும்புள்ளிகள். தினமும் தாளில் வட்டம் போட்டு அந்தப் புள்ளிகளை உள்ளது உள்ளபடி வரைந்து அனுப்ப ஒரு சூரியக் குழு இருந்தது. மொத்தம் நாற்பது பேர். தலைவி ஒரு கணக்கு டீச்சர்.

ஆறு வருஷம் லிஃப்ட்காரர்தான் வரைந்தார். போன வருஷம் மெஷின் அறைப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. "நான் வரையறேன்" என்று மனைவி மேலே வந்தாள். அவள் ரெடிமேட் துணிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித மாதிரி, வரைந்து வெட்டிக் கொடுக்கிறவள். சட்டையின் கைக்குழி வளைவை ஸ்கேல் வைக்காமல் ஒரே இழுப்பில் போடுகிற கை. முதல் படம் போன அன்றைக்கே குழுவில் இருக்கும் பல் டாக்டர் எழுதினார்: "இது கையா, காமிராவா?"

அந்த ஒரு வரி லிஃப்ட்காரரின் தொண்டையில் சிக்கிய முள். கட்டுப் பிரித்த பிறகு அவரும் பென்சிலைப் பிடித்தார். டீச்சர் நயமாகத்தான் எழுதினார்: "நீங்கள் பாருங்கள், அவர்கள் வரையட்டும்." ஏழு வருஷமாகச் சூரியனைக் கட்டிக்கொண்டு அழுதவர் அவர். பாராட்டு வாங்குகிறவள் அவள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு முழு வருஷம், சூரியன் தெரிந்த ஒரு நாள்கூட விடாமல், மாலை நாலு மணிக்குள் படம் அனுப்பியவரை மலைமேல் இருக்கும் பெரிய சூரிய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வாரம் அனுப்புவார்கள். அங்குள்ள ராட்சதத் தொலைநோக்கியில் உட்கார்ந்து வரையலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட்காரருக்கு அந்த மலை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. கடைசி வாரத்தில் ஒரு ஆபீஸ் லிஃப்டில் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு அவர் படம் அனுப்பியபோது மணி நாலே கால். டீச்சர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

இன்றைக்கு அவர் மனைவியின் வருஷத்தில் கடைசி நாள். இந்த ஒரு படம் போய்விட்டால் மலை அவளுக்கு.

இனி இன்றைய கதை.

* * *

காலை ஏழரைக்கு லிஃப்ட்காரர் மாடிக்கு வந்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. பக்கத்தில் அவள் நிம்மதியாகக் குறட்டை விட்டதுகூட அவருக்குப் பொறுக்கவில்லை.

தார்ப்பாயை விலக்கினார். வடிகட்டியை மாட்டி, நாலு பக்கமும் அழுத்திச் சரிபார்த்தார். சூரியனோடு கூடவே நகர்கிற மாதிரி தொலைநோக்கிக்கு அவரே ஒரு குட்டி மோட்டார் பொருத்தியிருந்தார். பழைய லிஃப்ட் கதவு மோட்டாரைப் பிரித்துச் செய்தது. அதைப் போட்டால் சூரியன் வட்டத்தை விட்டு இம்மியும் நகராது. குழுவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

கண் வைத்துப் பார்க்கிற குட்டிக் குழாயான ஐபீஸைச் சொருகிக் குனிந்தார்.

தூக்கிவாரிப் போட்டது.

நடுவுக்குச் சற்று மேலே, கன்னங்கரேலென்று ஒரு புள்ளி. நேற்று அங்கே ஒன்றுமே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். புள்ளி அசையவில்லை. ஒரே நாளில் இப்படி முளைப்பது உண்டு, ஆனால் ஏழு வருஷத்தில் அவர் கண்ணில் பட்டதில்லை.

மணி பார்த்தார். ஏழு நாற்பது. எட்டு மணிக்கு அவள் வந்துவிடுவாள். அவள் பார்த்தால் அது அவள் புள்ளி. அவள் வரைந்தால் அந்தப் பல் டாக்டர் இன்னொரு கவிதை எழுதுவார்.

தொலைநோக்கியின் குழாயில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ஒட்டியது லிஃப்ட்காரரேதான். "சந்தேகமா? திருப்பிப் பார்." ஐபீஸில் தூசி ஒட்டினால் அதுவும் புள்ளி மாதிரியே தெரியும். ஐபீஸைக் கையால் திருப்பினால் தூசியும் கூடவே திரும்பும், சூரியப் புள்ளி திரும்பாது. இரண்டு விநாடி வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர் இதைச் செய்யாமல் ஒரு தூசியைப் புள்ளி என்று அனுப்பிவிட்டார். லிஃப்ட்காரர் நாற்பது பேர் முன்னால் எழுதினார்: "திருப்பிப் பார்த்தீர்களா டாக்டர்? பல்லில் ஒட்டியதையெல்லாம் சூரியனில் ஒட்டாதீர்கள்." குழுவே ஒரு வாரம் சிரித்தது.

அந்த அட்டை இன்றைக்கு அவர் மூக்குக்கு நாலு விரற்கடைத் தூரத்தில் இருந்தது. அவர் கண் போனில் இருந்தது.

"7.41. நடுவுக்குச் சற்று மேலே புதிய பெரும்புள்ளி. நேற்று இல்லை. முதலில் கண்டவன் நான்."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி இருந்து.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள், காதில் பென்சில்.

"என்னங்க, முகமெல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கு?"

"நீயே பாரு. பார்த்துட்டு வரை. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"டீ குடிக்கலையா?"

"வெளியில பார்த்துக்கறேன்."

படியில் இறங்கும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தார். நாலாவது மாடி வரைக்கும் அது என்ன பாட்டு என்று அவருக்கே தெரியவில்லை.

* * *

அன்றைக்கு அவருக்கு வேலை ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில். கதவு சரியாக மூடவில்லை என்று புகார். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து ரோலரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனரைப் பிடித்த கையை விட போனைப் பிடித்த கைக்குத்தான் வேலை அதிகம்.

குழு கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்கள் பக்கம் எட்டு மணிக்கே மேகம். பார்க்க முடியவில்லை. அடடா."

"இங்கும் மேகம். கொடுத்து வைத்தவர் ஐயா நீங்கள்."

"ஏழு வருஷ உழைப்பு வீண் போகவில்லை."

அந்தக் கடைசி வரியை அவர் மூன்று முறை படித்தார்.

கீழே நின்ற எலக்ட்ரீஷியன் கத்தினார். "அண்ணே, ரோலரைப் போட்டுட்டீங்களா இல்லையா? ஆபீசர் மூணு தடவை படியேறிட்டார்."

"உடம்புக்கு நல்லதுய்யா. ஏறட்டும்."

பத்து மணிக்கு டீச்சர் எழுதினார். "மகிழ்ச்சி. ஆனால் இரண்டாவது ஆளும் பார்த்தால்தான் பதிவேட்டில் ஏறும். நகரம் முழுக்க மேகம். நல்லவேளை, ஒரே மாடியிலிருந்து நமக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் துணைவியாரின் படம் வரட்டும். அங்கே காலையில் சூரியன் தெரிந்திருப்பதால் அவருக்கு இன்றைய நாளும் கணக்கில் உண்டு. நாலு மணிக்குள் வரவேண்டும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். பல் டாக்டர் மட்டும் தனியாக ஒரு வரி போட்டார்: "அந்தக் கை எப்படி வரைந்திருக்கிறது என்று பார்க்க ஆவல்."

லிஃப்ட்காரர் பல்லைக் கடித்தார். நான் கண்டுபிடித்த புள்ளி, அதிலும் அவள் கைதான் இவருக்குத் தெரிகிறது.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. படம் வரவில்லை. வழக்கமாக ஒன்பது மணிக்கெல்லாம் அனுப்பிவிடுகிறவள். ஒரு வருஷத்தில் ஒரு நாள் தாமதித்தது கிடையாது.

இரண்டு மணிக்கு அவரே போன் போட்டார்.

"படம் அனுப்பிட்டியா?"

"இல்லை."

"ஏன்?"

"காலர் பேட்டர்ன் இன்னைக்குள்ள கேட்டிருக்காங்க."

"வரைஞ்சியா இல்லையா?"

"வரைஞ்சேன்."

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே? எல்லாரும் உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க."

"தெரியும்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

லிஃப்ட்காரர் மறுபடி ஸ்பேனரை எடுத்தார். பிறகு பொறிதட்டியது. பொறாமை. அவளுக்கு என்மேல் பொறாமை. ஒரு வருஷமாக வாங்கின பாராட்டெல்லாம் இன்றைக்கு என் பக்கம் திரும்பிவிட்டது, அதைத் தாங்க முடியவில்லை. படத்தை அனுப்பினால் என் புள்ளி பதிவேட்டில் ஏறிவிடும், அதனால் அமுக்கி வைத்திருக்கிறாள். தன் மலையே போனாலும் பரவாயில்லை, எனக்குப் பேர் வரக்கூடாது.

தன் வயிற்றில் ஒரு வருஷமாக எரிகிற அடுப்பை அடுத்தவர் வயிற்றில் பார்ப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். மனிதர் ரோலரை மாட்டினார், நாலு தடவை கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், எலக்ட்ரீஷியனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

* * *

அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய அக்கா லாண்டரி வைத்திருக்கிறாள். தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவள். இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நின்றாலும் வாசலில் போகிற வருகிற எல்லோர் முகமும் அவளுக்குக் கணக்கு.

"என்ன தம்பி, மூணு மணிக்கே வந்துட்டே?"

"ஒண்ணுமில்லைக்கா."

"ஒண்ணுமில்லாதவன் ஏன் லிஃப்ட்ல போகாம படிப்பக்கம் போறே?"

அவர் நின்றார். கோபத்தில் கால் தானாகப் படிப் பக்கம் போயிருக்கிறது.

அக்கா ஒரு சட்டையை உதறி மேசைமேல் விரித்தாள். "உன் பெண்டாட்டி காலையில இங்க வந்து உட்கார்ந்திருந்தா. அரை மணி நேரம். டீ கொடுத்தேன், ஆறவிட்டுட்டா. 'அண்ணி, மலைக்குப் போகாட்டி என்ன ஆயிடப்போகுது'ன்னா. நேத்து சாயங்காலம் என்கிட்ட ஸ்வெட்டர் வெளுத்துத் தரச் சொன்னவ அவ. ஒரு ராத்திரியில என்ன ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்."

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? உன் மூஞ்சி ஒரு வருஷமா நல்லா இல்லை. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அக்கா, சட்டை கருகுது."

"கருகலை. பேச்சை மாத்தாதே."

அவர் லிஃப்டில் ஏறிக் கதவை மூடினார். அக்காவின் வாயிலிருந்து தப்பிக்கத் தன் தொழில் முதல்முறையாக உதவியது என்று நினைத்துக்கொண்டார்.

* * *

வீட்டு ஹாலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு வெட்டு மேசை. பிரவுன் பேப்பர் சுருள்கள், இன்ச் டேப், பெரிய கத்தரி. அவள் ஒரு காலர் பேட்டர்னை வெட்டிக்கொண்டிருந்தாள். மேசையின் ஓரத்தில் அட்டை கவிழ்த்து வைத்திருந்தது.

அவர் நேராகப் போய் அட்டையைத் திருப்பினார்.

சுத்தமான வட்டம். இடது பக்கம் இரண்டு சின்னப் புள்ளிக் கூட்டங்கள், நேற்றிருந்தவைதான், ஒரு நாள் தூரம் நகர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி அந்த மெல்லிய சாம்பல் நிழல்கூடப் பிசகாமல் இருந்தது. கீழே தேதி, 8.10 என்று நேரம். நடுவில் வெறும் வெள்ளை.

"என் புள்ளி எங்கே?"

"நான் பார்த்ததை வரைஞ்சிருக்கேன்."

"அவ்வளவு பெரிசு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சது."

"தெரிஞ்சும் வரையலையா?" அவர் குரல் உயர்ந்தது. "எனக்கு எல்லாம் புரியுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குப் பேர் வந்தா உன்னால பொறுக்க முடியலை. உனக்குப் பொறாமை."

அவள் கத்தரியை மேசைமேல் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள்.

"மேலே போய் ஐபீஸைக் கழட்டிப் பாருங்க. நான் துடைக்கலை. திருப்பிப் பார்த்தேன், மறுபடி நீங்க வச்ச மாதிரியே வச்சுட்டு வந்தேன்."

திருப்பிப் பார்த்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் தன் கை எங்கே இருந்தது என்று யோசித்தார். போன்மேல் இருந்தது. அப்புறம் பாக்கெட்டில் இருந்தது. ஐபீஸ்மேல் இருந்ததாக எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மாடிக்கு ஓடினார்.

வானம் முழுக்க வெளிறின மேகம். சூரியன் தேவைப்படவில்லை. ஐபீஸை உருவி, அந்த மேக வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனார். இருந்தது. நடுவுக்குச் சற்று மேலே, கன்னங்கரேலென்று.

இரண்டு விரலால் திருப்பினார். புள்ளியும் திரும்பியது. மேலே இருந்தது பக்கவாட்டுக்கு வந்தது, பிறகு கீழே வந்தது. முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வந்து நின்றது.

கைக்குட்டை நுனியால் கண்ணாடியைத் தொட்டு எடுத்தார். துணியில் ஒரு கரிய துகள் ஒட்டிக்கொண்டது. மோந்து பார்க்காமலே அது என்ன என்று தெரிந்தது. நேற்றுச் சாயங்காலம் மெஷின் அறையில் பிரேக் கட்டை மாற்றினார். அந்தக் கருந்தூளோடு கை கழுவாமல் ஐபீஸைத் தொட்டு எடுத்து வைத்தவரும் அவர்தான். அவர் கண்டுபிடித்த பெரும்புள்ளி ஒரு லிஃப்டின் பிரேக் தூள். மோட்டார் வேறு சூரியனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டதா, தூசியும் சூரியனும் ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றுவிட்டன. சாதாரணத் தொலைநோக்கியாக இருந்தால் சூரியன் நகர்ந்திருக்கும், தூசி நின்றிருக்கும், ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அட்டை அங்கேயே ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. அதைப் பார்க்காமல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

* * *

கீழே வந்தபோது மணி மூன்று முப்பத்தெட்டு.

அவள் காலரின் இரண்டாவது பாதியை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டு மணிக்கே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் அனுப்பலை?"

"அனுப்பினா நாற்பது பேர் முன்னாடி உங்க மூக்கு உடையும். உங்க மேல அன்பு இருக்கிறவங்ககூடச் சிரிப்பாங்க. சரி, நீங்க சொன்ன இடத்துல ஒரு புள்ளியைப் போட்டு அனுப்பிடலாம்னு பென்சிலை எடுத்தேன். கை வரலை. பொய்ப்புள்ளி போடறதுக்கு எனக்கு வரலைங்க. அதான் ரெண்டும் வேண்டாம்னு கவுத்து வச்சுட்டேன்."

"மேகம்னு சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? சூரியன் தெரிஞ்சதுன்னு நீங்கதான் ஊருக்கே சொல்லிட்டீங்களே."

லிஃப்ட்காரருக்கு உறைத்தது. தன் புள்ளிக்காக அவள் மலையை அவரே பூட்டியிருக்கிறார், சாவியையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார்.

போனை எடுத்தார். "என் புள்ளி தூசி" என்று அடித்தார். கட்டைவிரல் அனுப்பும் இடத்துக்கு மேலேயே நின்றது. பல் டாக்டரின் முகம் கண்முன்னால் வந்தது. இரண்டு வருஷமாக இந்த நாளுக்குத்தான் அவர் காத்திருப்பார். முதலில் அவள் படத்தைப் போட்டோ எடுத்துக்கொள்வோம் என்று அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். வட்டத்தின் விளிம்பில், சூரியன் சுழன்று இந்தப் பக்கம் வருகிற விளிம்பில், ஊசிக் குத்து மாதிரி ஒரு புள்ளி.

"இது என்ன?"

"அது நிஜம்," என்றாள் அவள், கத்தரியை நிறுத்தாமல். "மூணு தடவை திருப்பினேன். திரும்பலை. ஐபீஸை மாத்தியும் பார்த்தேன். புதுசா ஏதோ பெரிசு உள்ளே வருதுன்னு நினைக்கிறேன். நாளைக்கு நல்லாத் தெரியும்."

நகரம் முழுக்க மேகம். அவர் சொன்ன இடத்தில் புள்ளி இல்லை. அவள் சொல்லாத இடத்தில் இருந்தது. இன்றைக்கு உலகத்தில் வேறு யார் பார்த்தார்களோ தெரியாது, நாற்பது பேரில் முதலில் கண்டவள் இவள். காலையிலேயே அனுப்பியிருந்தால் இதுவும் அவளுடையது, மலையும் அவளுடையது. இரண்டையும் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலர் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

நன்றி வரவேண்டிய இடம். வந்தது பழைய எரிச்சல்தான். இதையும் இவளே பார்த்திருக்கிறாளே. மேசைமேல் அவர் விரலுக்குப் பக்கத்தில் ரப்பர் கிடந்தது. அவ்வளவு சின்னப் புள்ளி, ஒரே ஒரு தேய்ப்புப் போதும். அவர் ரப்பரைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாளோ என்று நிமிர்ந்தார். பார்த்துவிட்டாள்.

அவர் ரப்பரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்குத்தான் பொறாமை," என்றார். "உனக்கில்லை. எனக்கு. உன்னைப் பார்த்தா எரியுது. ராத்திரி நீ தூங்கறதைப் பார்த்தாக்கூட எரியுது. வெட்கமா இருக்கு."

"தெரியும். கட்டுப் பிரிச்ச அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வரையறதை விடலை?"

வெட்டின காலரை மடித்து, மேலே ஒரு பின் குத்தி வைத்தாள்.

"ஆறு வருஷம் தினமும் காலையில என்னை எழுப்பாம மேலே போயிடுவீங்க. திரும்பி வந்தா முகம் அப்படி இருக்கும். என்கிட்ட பேசும்போது என்னைக்கும் அப்படி இருந்ததில்லை. நானும் பொறாமைப்பட்டேன். யார்மேல? அந்தச் சூரியன்மேல. வெளியில சொன்னா சிரிப்பாங்க. உங்க கை உடைஞ்சப்ப உதவி பண்ண வந்தேன்னு நினைச்சீங்களா? அப்படி அங்க என்னதான் இருக்குன்னு பார்க்க வந்தேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேன். உங்க மேல தப்பில்லை," என்றாள். "ரொம்ப அழகா இருக்கு. அதான் விட முடியலை."

லிஃப்ட்காரருக்குக் கண் கரித்தது. ஆறு வருஷம் ஒரே வீட்டில் ஒருத்தி எரிந்துகொண்டிருந்திருக்கிறாள், அவர் மேலே நின்று புள்ளி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

அவர் படத்தைப் போட்டோ எடுத்தார். முதலில் எழுத்து: "காலை 7.41க்கு நான் அனுப்பியது தூசி. என் கைத் தூசி. திருப்பிப் பார்க்கவில்லை. பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள்." அடுத்தது படம்: "இது என் மனைவி 8.10க்கு வரைந்தது. என் தவறால்தான் தாமதம். விளிம்பில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள். அது நிஜம். முதலில் கண்டவள் அவள்."

அனுப்பிவிட்டுப் போனை மேசைமேல் வைத்தார். மூன்று ஐம்பத்தைந்து.

இரண்டு நிமிஷத்தில் போன் ஒரு முறை அதிர்ந்தது. பல் டாக்டர். லிஃப்ட்காரர் கன்னத்தில் அறை வாங்கத் தயாராகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார்.

"எனக்கும் நடந்திருக்கிறது. வருத்தப்படாதீர்கள்."

அவ்வளவுதான். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தத் தன்மையை அவரால் தாங்க முடியவில்லை. நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று மனசுக்குள் புலம்பினார்.

"என்ன எழுதியிருக்கார்?" என்றாள் அவள்.

"வருத்தப்பட வேண்டாமாம்."

"பார்த்தீங்களா, நல்ல மனுஷன்."

"ம்."

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை டீச்சர்.

அவள் கையெல்லாம் சாக்பீஸ் தூள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள். "டீச்சரா? நாள் கணக்குல சேர்ந்துச்சா? படிங்க."

அவர் படித்தார். "நாலு மணிக்குள் வந்துவிட்டது. வருஷம் முழுமை. உங்கள் துணைவியாருக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்துகள். மலைக்கு அவர்தான் போகிறார்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் பார்த்தார். ஆறு வருஷம் தன் முகத்தில் எது இருந்தது என்று இவள் சொன்னாளோ, அதுதான் அது என்று புரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளே சுருக்கென்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவு இல்லை. கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. "இந்த வருஷம் மலையில் இரண்டு பேருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாகப் பிழையில்லாத பதிவு வைத்திருக்கும் பல் டாக்டரை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஞாயிறு காலை ஒரே வண்டியில் கிளம்பலாம்."

ஒரு வாரம். மலை. ஒரே தொலைநோக்கி. இது கையா, காமிராவா.

லிஃப்ட்காரர் அந்த வரியை மறுபடி படித்தார். காலையில் அந்தத் தூசிக்குப் பதில் அட்டையைப் பார்த்திருந்தால், பிழையில்லாத பதிவு இந்த வீட்டிலேயே இன்னொன்று இருந்திருக்கும்.

அவள் சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். பக்கத்தில் வந்து நின்று, கையை நீட்டினாள்.

அவர் போனைக் கொடுத்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் கொடுத்தார்.